பெயரும் பொறுப்பும்

பெண் மகவு பிறந்த இல்லத்தில் பெயர் சூட்டும் நாள் நெருங்க நெருங்க ஓர் இனிய குழப்பம் நிலவும். பாட்டியார் ஒரு பெயர் சொல்வார். அத்தை வேறொரு பெயர் சொல்வார். பிறந்த விண்மீனுக்குரிய முதலெழுத்து இன்னது என்று ஒருவர் பஞ்சாங்கத்தைப் புரட்டுவார். முடிவில் பத்மாவதி, ஸ்ரீமதி, ராஜமதி, ஜினமதி, சாந்தா, விஜயா என்று வழிவழியாக நம் இல்லங்களில் ஒலித்துவரும் பெயர்களுள் ஒன்றோ, இக்காலத்தார் விரும்பும் ஈரெழுத்துப் பெயரோ நிலைபெற்றுவிடும். இதில் பெரிய வழக்கு எழுவதில்லை. ஆயின், எவரும் கேட்டறியாத, கல்வெட்டில் மட்டும் வாழ்ந்துகொண்டிருக்கும் ஒரு பெண்ணின் பெயரைக் குழந்தைக்குச் சூட்ட வேண்டும் என்று ஒருவர் முன்வந்தால் என்ன நேரும்? அத்தகைய நிகழ்ச்சி ஒன்றில் நாமும் கலந்துகொள்ள நேர்ந்தது. அதிலிருந்து எழுந்த வினாக்கள் நம் குடும்பங்கள் யாவும் எண்ணிப் பார்க்கத்தக்கவை என்பதால் அவற்றை ஈண்டு எடுத்துரைக்கின்றோம்.

நம் தமக்கையாருக்குப் பேத்தி பிறந்தாள். குழந்தையைக் காணச் சென்றிருந்த சுற்றத்தார் அனைவரும் கூடத்தில் அமர்ந்திருந்தபோது பெயரைப் பற்றிய பேச்சு எழுந்தது. தமக்கையார் தம் மாமியாரின் பெயராகிய பத்மாவதி என்பதை மனத்தில் கொண்டிருந்தார். அவருடைய மகனோ, “கனகவீரை என்று வைக்கலாம் என்று இருக்கிறேன்” என்றான். சிறிது நேரம் எவரும் பேசவில்லை. பின்னர் எல்லோரும் ஒருங்கே பேசத் தொடங்கினர்.

வேடல் தந்த பெயர்

இப்பெயர் அவனுக்கு எங்கிருந்து கிடைத்தது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். அதில் நமக்கும் பங்கு உண்டு.

வந்தவாசிப் பகுதியில் வேடல் என்னும் ஊர் உள்ளது. கல்வெட்டில் அது விடால் என்று வழங்கும். அங்குள்ள குன்றின் குகைப்பகுதி பண்டு நம் பெண்துறவியர் தங்கிய பள்ளி. அங்கே முதலாம் ஆதித்த சோழனுடையதாகக் கருதப்படும் பதினான்காம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது, ஏறத்தாழ கி.பி. 885ஆம் ஆண்டு. குணகீர்த்தி படாரரின் மாணாக்கியாராகிய கனகவீரக் குரத்தியார் என்பவரை அது குறிப்பிடுகிறது. குரத்தி என்பது குரு என்னும் சொல்லின் பெண்பால். குறத்தி என்பது வேறு சொல். இதனை இளையோர் மயங்காதிருத்தல் வேண்டும். பல நூறு பேர் தொடர்புடைய துறவியர் கூட்டத்தில் பிணக்கு ஒன்று நேர்ந்தபோது, கனகவீரக் குரத்தியாரையும் அவருடைய மாணாக்கியரையும் தாங்களே காத்து உணவும் அளிப்பதாக அவ்வூரார் பொறுப்பேற்ற செய்தியை அக்கல் நமக்குச் சொல்கிறது.

ஈராண்டுகளுக்கு முன் தமக்கையின் மகனை அழைத்துக்கொண்டு அக்குன்றுக்கு நாம் சென்றிருந்தோம். ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் நம் மண்ணில் ஒரு பெண், ஆசிரியராகவும் பள்ளியின் தலைவியாகவும் விளங்கினார் என்பதை நாமே பெருமிதத்தோடு அவனுக்கு விளக்கினோம். அப்போது அவன் ஒன்றும் பேசவில்லை. பெயர் அவன் நெஞ்சில் தங்கிவிட்டது என்பதைப் பெண் பிறந்தபின்தான் அறிந்தோம்.

மூன்று தடைகள்

கூடத்தில் மூன்று தடைகள் எழுப்பப்பட்டன. முதலாவது, பெயர் வழக்கில் இல்லை என்பது. “பள்ளிக்கூடத்தில் நாலு பிள்ளைகள் சேர்ந்து கேலி செய்தால் குழந்தை அழுதுகொண்டு வருமே, தம்பி” என்றார் தமக்கையார். இரண்டாவது, வீரம் என்பது ஆணுக்குரியது, பெண்ணின் பெயரில் அது வரலாகாது என்பது. மூன்றாவது, எவரும் உரக்கச் சொல்லத் தயங்கியது: துறவியின் பெயரைச் சூட்டினால் பெண் துறவு பூண்டுவிடுவாளோ என்னும் அச்சம்.

மூன்றாவதை முதலில் ஆராய்வோம். அதுவே எளிதில் தீர்வது. ராஜமதி என்னும் பெயர் நம் வீடுகளில் எத்தனை பேருக்கு இருக்கிறது! நேமிநாதருக்கு மணம் பேசப்பட்டு, அவர் துறவு பூண்டபின் தாமும் துறவு மேற்கொண்டவர் அல்லரோ ராஜமதியார்? சந்தனை என்பது மகாவீரரின் சங்கத்தில் பெண்துறவியர்க்குத் தலைமை தாங்கிய அம்மையாரின் பெயர். பிராமி, சுந்தரி என்போர் ஆதிபகவனின் புதல்வியர். அவ்விருவரும் துறவு பூண்டவரே. இப்பெயர்களைத் தாங்கிய பெண்கள் நம்மிடையே மணம் புரிந்து, மக்களைப் பெற்று, பேரர் பேத்தியரைக் கண்டு வாழ்கின்றனர். ஆகவே நம் அச்சம் துறவைப் பற்றியது அன்று, பழகாததைப் பற்றியது. மேலும், உயிரின் போக்கை அமைப்பது அதன் வினையே என்று கற்ற நாம், பிறர் இட்ட பெயர் ஒன்று அதனைத் திருப்பிவிடும் என்று அஞ்சுவது நம் கொள்கைக்கே பொருந்தாது.

இரண்டாவது தடை, வீரம் என்னும் சொல்லைப் பற்றியது. வர்த்தமானர் மகாவீரர் எனப் பெற்றது பிறரை வென்றமையால் அன்று, தம்மை வென்றமையால். அவ்வீரத்தில் ஆண் பெண் என்னும் பாகுபாடு ஏது? வரலாற்றைப் பார்ப்போம். கன்னட நாட்டில் பத்தாம் நூற்றாண்டின் இறுதியில் வாழ்ந்த அத்திமப்பை அம்மையார், பொன்னன் இயற்றிய சாந்தி புராணத்தை ஆயிரம் படிகள் எழுதுவித்து வழங்கியவர். அச்சுப்பொறி இல்லாத காலம் அது. ஓலையில் எழுத்தாணியால் ஒவ்வொன்றாகக் கீறிய ஆயிரம் சுவடிகள்! லக்குண்டியில் 1007ஆம் ஆண்டில் அவர் எடுப்பித்த ஜினாலயம் இன்றும் நிற்கிறது. துளு நாட்டில் உள்ளாலை ஆண்ட சௌட்ட குலத்துச் சமண அரசி அப்பக்கா, பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துகீசியரை எதிர்த்து நின்றவர். இந்தியக் கடலோரக் காவல்படை 2012ஆம் ஆண்டில் பணியில் சேர்த்த ரோந்துக் கப்பலுக்கு அவர் பெயரே சூட்டப்பட்டது. கப்பலுக்குத் தகும் என்று நாடு கருதிய பெயரை மகளுக்குச் சூட்ட நாம் தயங்குகிறோம்.

நம் தமிழகத்திலும் குறைவில்லை. போளூரை அடுத்த திருமலையில் உள்ள ஜினாலயம், இராசராசனின் தமக்கையார் பெயரால் குந்தவை ஜினாலயம் என வழங்கியது. அதே மலையில் உள்ள இராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு, அக்கோயிலுக்கு விளக்கு வைத்த சாமுண்டப்பை என்னும் வணிகர் மனைவியையும் நினைவில் வைத்திருக்கிறது. கழுகுமலைப் பாறையில் உருவங்களின் அடியில் குரத்தியர் பலரின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. அரசியர் மட்டும் அல்லர், எளிய பெண்டிரும் தம் பெயரைக் கல்லில் விட்டுச் சென்றனர். அவற்றைக் கல்லிலேயே விட்டுவைத்தவர் நாம்தாம்.

முதல் தடை அவ்வளவு எளிதில் தீராது

இவ்வளவும் கூறி இரண்டு தடைகளைத் தீர்த்துவிட்டதாக நாம் மகிழ்ந்திருந்தபோது, தமக்கையார் தம் முதல் வினாவை மீண்டும் எழுப்பினார்: “கல்லுக்குக் காது இல்லை, தம்பி. குழந்தைக்கு இருக்கிறதே!”

இதற்கு விடை கூறுவது எளிதன்று. பெருமைக்குரிய பெயர்கள் யாவும் இன்றும் வழங்கத்தக்கவை ஆகா. விளாப்பாக்கத்துக் கல்வெட்டு ஒன்றைக் காண்போம். முதலாம் பராந்தகனின் முப்பத்தெட்டாம் ஆட்சியாண்டில், அஃதாவது ஏறத்தாழ கி.பி. 945இல், திருப்பான்மலை அரிட்டநேமி படாரரின் மாணாக்கியார் ஒருவர் கிணறு ஒன்று தோண்டுவித்தார். அவர் பெயர் பட்டினிக் குரத்தியடிகள். அன்று பட்டினி என்றால் நோன்பு. அப்பெயர் அவருடைய தவத்துக்குக் கிடைத்த சிறப்பு. இன்று பட்டினி என்றால் வயிற்றுக்கு இல்லாமை. ஊருக்குத் தண்ணீர் தந்த அம்மையாரின் பெயரே ஆயினும் அதனை இன்று ஒரு குழந்தைக்குச் சூட்டுவது கொடுமை. சொல்லின் பொருள் மாறிவிட்டது. மாறிய பொருளைச் சுமக்கப் போவது குழந்தை.

அப்போது உறவினர் ஒருவர், “அப்படியானால் நீலகேசி என்று வையுங்களேன்! நம் காப்பியம்தானே?” என்றார். அவர் நகைப்புக்காகச் சொன்னதாயினும் அதிலும் ஒரு பாடம் இருந்தது. நீலகேசி பத்துச் சருக்கங்களை உடைய வாத நூல். உரையுடன் அதனை 1936ஆம் ஆண்டில் பதிப்பித்தவர் நம் சமூகத்துப் பேரறிஞர் அ. சக்கரவர்த்தி நயினார். பழையனூர் நீலி என்னும் பேய், முனிச்சந்திர முனிவரை அச்சுறுத்த வந்து, அவருடைய அறவுரையால் தெளிந்து, பின் ஊர் ஊராகச் சென்று சமயவாதிகள் பலரை அவைகளில் வாதிட்டு வெல்வதே அதன் கதை. பெயருக்குப் பொருள், கருங்கூந்தலை உடையவள் என்பது. ஆயினும் “நீலி” என்றவுடன் நம் மக்களின் நாவில் வருவது நீலிக்கண்ணீர்.

அந்தப் பழமொழியைச் சற்றே நின்று எண்ணிப் பார்த்தல் நலம். பழையனூர்க் கதையில் நீலி என்பவள் கணவனால் கொல்லப்பட்டவள். பழி வாங்கப் பேயாகி வந்து ஊரார்முன் பொய்யாக அழுதாள் என்பர். அவள் அழுத கண்ணீரின் பொய்யை நம் மொழி ஆயிரம் ஆண்டுகளாக நினைவில் வைத்திருக்கிறது. அவளைக் கொன்றவனின் செயலுக்கு அது ஒரு பழமொழியும் செய்யவில்லை. நம் காப்பியப் புலவர், ஊர் தூற்றிய அந்தப் பெயருடையவளையே தம் நூலின் தலைவியாக்கி, அவைநடுவே பேசச் செய்தார். துணிவுள்ள பெயர்களின் நிலை பெரும்பாலும் இதுவே. அவற்றைச் சுற்றி ஊரின் பழைய தீர்ப்பு ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். பெயரைச் சூட்டுவோர் முழுக் கதையையும் தாம் அறிந்திருக்க வேண்டும். குழந்தை அழுதுகொண்டு வரும் நாளில் அதனைச் சொல்லவும் வல்லவராக இருக்க வேண்டும். அதற்கு ஆயத்தமில்லாதவர் அத்தகைய பெயரைத் தொடாதிருப்பதே நன்று.

பெயரும் பொருளும்

நம் ஆசாரியர்கள் பெயர் என்பதனை மிக நுட்பமாக ஆராய்ந்துள்ளனர். உமாசுவாமிகளின் தத்துவார்த்த சூத்திரம், முதல் அத்தியாயத்து ஐந்தாம் சூத்திரத்தில், ஒன்றனைக் குறிக்கும் முறை நான்கு என்கிறது: நாமம், தாபனை, திரவியம், பாவம். ஏழை ஒருவன் தன் மகனுக்கு இந்திரன் என்று பெயரிட்டால் அது நாமம். அப்பெயருக்கு இந்திரனின் குணம் எதுவும் வேண்டியதில்லை. கல்லிலோ ஓவியத்திலோ இந்திரனை அமைத்தால் அது தாபனை. வருங்காலத்தில் இந்திரனாகும் உயிரை இந்திரன் என்றால் அது திரவியம். இப்போதே இந்திர பதவியில் இருப்பவனை அவ்வாறு சொன்னால் அது பாவம்.

குழந்தைக்குப் பெயர் சூட்டும்போது நாம் செய்யும் பிழை, நாமத்தைப் பாவம் என்று எண்ணிவிடுவதே. கனகவீரை என்று அழைத்தவுடன் வீரம் வந்துவிட்டதாகவும், நம் கடமை முடிந்ததாகவும் மகிழ்கிறோம். உண்மையில் அன்று நடந்தது நாமம் மட்டுமே. பெயருக்கும் குணத்துக்கும் இடையில் திரவியம் என்று ஒன்று உண்டு. இனி ஆகக்கூடிய தகுதி அது. அத்தகுதி மலர்வதும் கருகுவதும் பெருமளவு வீட்டாரின் கையில் இருக்கிறது.

வேறொன்றையும் நோக்க வேண்டும். பெயர், இடப்பட்டவரைவிட இட்டவரையே மிகுதியாகக் காட்டும். ஆண் மகவை எதிர்பார்த்து, அடுத்தடுத்துப் பெண் பிறந்த வருத்தத்தில் ‘வேண்டாம்’ என்றும் ‘போதும்பொண்ணு’ என்றும் பெயரிடும் வழக்கம் தமிழகத்துச் சிற்றூர்களில் இருந்ததை நாம் அறிவோம். அப்பெயர்கள் அந்தக் குழந்தைகளைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. அவர்களை வரவேற்காத வீட்டைப் பற்றியே சொல்கின்றன. ஒவ்வொரு நாளும் தன்னை அழைக்கும் சொல்லிலேயே தான் வேண்டப்படாதவள் என்று கேட்டு வளர்ந்த பெண்ணின் உள்ளம் எவ்வளவு புண்பட்டிருக்கும்! சொல்லாலும் உயிரை வருத்தலாகாது என்பது நம் முதல் அறம். அவ்வாறாயின் உயர்ந்த பெயரும் இட்டவரின் விருப்பத்தையே காட்டுகிறது என்பதை ஒப்ப வேண்டும். அந்த விருப்பம் மகளைப் பற்றியதா, தம்மைப் பற்றியதா என்று தந்தை தன் நெஞ்சைக் கேட்டுக்கொள்ள வேண்டும். நண்பர்கள் வியக்கவும், அறிந்தவர் பாராட்டவும் சூட்டப்படும் பெயர், குழந்தையின் கழுத்தில் தந்தை அணிந்துகொள்ளும் நகை.

கேட்கப்படாத ஒருத்தி

இவ்வாறெல்லாம் நாம் விரிவாகப் பேசிக்கொண்டிருந்த நேரம் முழுவதும், உள்ளறையின் வாயிலில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அதன் தாய் அமர்ந்திருந்தாள். பெண்துறவியைப் பற்றியும், அரசியைப் பற்றியும், காப்பியத் தலைவியைப் பற்றியும் ஒன்றரை நாழிகை பேசினோம். பெற்றவளிடம் ஒரு சொல் கேட்கவில்லை. தமக்கையாரே, “நீ என்னம்மா சொல்கிறாய்?” என்று இறுதியில் வினவினார்.

அவள் நம்மைப் பார்த்து, “மாமா, அந்தக் கல்வெட்டில் அந்த அம்மையார் என்னென்ன செய்தார் என்று இருக்கிறதா, ஊரார் என்ன செய்வார்கள் என்று இருக்கிறதா?” என்று கேட்டாள்.

ஊரார் காப்பதாகவும் உணவளிப்பதாகவும் ஏற்றுக்கொண்டதே அதில் இருக்கிறது என்றோம்.

“அப்படியானால், இவளுக்கு நீங்கள் எல்லோரும் என்ன செய்வீர்கள் என்று முதலில் சொல்லுங்கள். பிறகு அந்தப் பெயரை வைக்கலாம்” என்றாள். குரலை உயர்த்தவில்லை. கூடம் அடங்கிவிட்டது.

அச்சொல் எங்கிருந்து வந்தது என்பது அங்கிருந்தவர்க்குத் தெரியும். எல்லோரைக் காட்டிலும் நமக்குத் தெரியும். கணிதத்தில் இளங்கலை முடித்து, முதுகலை பயில இடமும் பெற்றிருந்தவள் அவள். அந்த நேரத்தில்தான் வரன் பொருந்தி வந்தது. மாப்பிள்ளையின் தாய்மாமன் என்னும் முறையில் திருமணப் பேச்சில் நாமும் அமர்ந்திருந்தோம். படிப்பைப் பற்றி அவள் தந்தையார் தயங்கித் தயங்கி எடுத்தபோது, “படிப்பு எங்கே போய்விடும்? திருமணத்துக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்” என்ற சொல் வேறு எவர் வாயிலிருந்தும் வரவில்லை, நம் வாயிலிருந்துதான் வந்தது. ஐந்தாண்டுகள் கழிந்தன. எவரும் பார்த்துக்கொள்ளவில்லை. நாம் அதனை மறந்தும் விட்டோம். மறந்துவிட்டு, ஆயிரம் ஆண்டுக்கு முற்பட்ட பெண்ணாசிரியரின் புகழை அவள் கணவனுக்கு மலையேறிப் போய் விளக்கிக்கொண்டிருந்தோம்.

ஆதிபகவன் தம் புதல்வியரை அருகழைத்து, பிராமிக்கு எழுத்தையும் சுந்தரிக்கு எண்ணையும் கற்பித்தார் என்பது நம் புராணம். அதனை எத்தனை மேடைகளில் நாம் எடுத்துக் கூறியிருப்போம்! எண்ணைக் கற்ற ஒரு பெண் நம் வீட்டு வாயிலில் அமர்ந்திருந்ததை மட்டும் காணவில்லை. இக்குறையை மறைத்துவிட்டு இக்கட்டுரையை எழுதுவது நேர்மையாகாது.

முடிவு அன்று எட்டப்படவில்லை. குழந்தையின் தந்தை முதலில் மனம் வருந்தினான். நான்கு பேர் முன்னிலையில் தன்னைக் கேட்டுவிட்டாள் என்பது அவன் வருத்தம். இரண்டு நாள் கழித்து அவனே அவளிடம் பேசினான் என்று அறிந்தோம். பிறப்பைப் பதியும்போது பெயரும் உடனே வேண்டும் என்னும் கட்டாயம் இல்லை. 1969ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின்படி குழந்தையின் பெயர் இன்றியே பிறப்பைப் பதியலாம். பன்னிரண்டு மாதங்களுக்குள் கட்டணமின்றிப் பெயரைச் சேர்க்கலாம். அதன் பின்னரும் 15 ஆண்டுகள் வரை தாமதக் கட்டணம் செலுத்திச் சேர்க்க வழி உண்டு. ஆகவே அவசரப்படத் தேவையில்லை என்று காத்திருந்தனர்.

மூன்றாம் மாதத்தில் பெயர் சூட்டு விழா நடந்தது. பெயரைக் குழந்தையின் செவியில் முதலில் சொன்னவள் தாய். அவள் சொன்ன பெயர் கனகவீரை. அதற்கு முந்தைய வாரம் அவள் தொலைநிலைக் கல்வி வழியே கணித முதுகலைக்கு விண்ணப்பித்திருந்தாள். கட்டணத்தைக் கணவன் செலுத்தினான். தேர்வு நாள்களில் குழந்தையைத் தாம் பார்த்துக்கொள்வதாகத் தமக்கையார் ஏற்றுக்கொண்டார். பத்மாவதி என்னும் பெயர் விட்டுப்போனதில் அவருக்கு இன்னும் சிறிது வருத்தம் உண்டு. பேத்தியை அவர் கனகம் என்றே அழைக்கிறார். அதில் தவறொன்றும் இல்லை. பெரிய பெயர்க்கு வீட்டில் ஒரு செல்லப் பெயர் வேண்டியதுதான்.

பெயர் சூட்டுவோர் எண்ணத்தக்கவை

இந்நிகழ்ச்சியிலிருந்து நாம் கற்றதை நேயர்களோடு பகிர்ந்துகொள்வது நம் கடமை.

வரலாற்றில் ஒளிரும் பெண்ணின் பெயரைச் சூட்ட விரும்புவோர் தயங்க வேண்டியதில்லை. வழக்கில் இல்லாத பெயர் எவரேனும் ஒருவர் வழங்கினால்தான் வழக்கிற்கு வரும். ஆயினும் இன்றைய செவிக்கு அது எவ்வாறு ஒலிக்கும், ஆங்கில எழுத்தில் எழுதினால் எவ்வாறு சிதையும், சுருக்கி அழைத்தால் என்னவாகும் என்று முன்கூட்டியே சொல்லிப் பார்த்துக்கொள்ளுங்கள். பாட்டிமாரின் தயக்கத்தைப் பழமை என்று தள்ளிவிடாதீர்கள். பெயர்கள் பிறர் நாவில் எவ்வாறு உடைபடும் என்பதை நீண்ட நாள் கேட்டு அறிந்தவர்கள் அவர்கள். பெற்றவளைக் கேளுங்கள், இறுதியில் அன்று, முதலில் கேளுங்கள். மகள் வளர்ந்து தன் அறிவால் அப்பெயர் வேண்டாம் என்று கருதினால் மாற்றிக்கொள்ள அவளுக்கு உரிமை உண்டு என்பதையும் இப்போதே மனத்தில் ஏற்றுக்கொள்ளுங்கள். நாம் தந்தது பெயர். அவள் தன் வாழ்வை நமக்குத் தந்துவிடவில்லை.

எல்லாவற்றிற்கும் மேலாக, பெயருக்கு உரியவர் எதனால் பெருமை பெற்றாரோ அதனை மகளுக்கு மறுக்காதீர்கள். நீலகேசி என்று பெயரிட்டுவிட்டு, பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசாதே என்று அடக்குவது பொருந்துமா? அத்திமப்பை என்று பெயரிட்டுவிட்டு, புத்தகத்துக்குச் செலவிடத் தயங்கலாமா? கனகவீரை என்று பெயரிட்டவர்கள், பதினெட்டு ஆண்டுகள் கழித்து நல்ல வரன் ஒன்று வந்து, “படிப்பைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்” என்று யாரேனும் ஒரு மாமன் சொல்லும் நாளில் என்ன விடை சொல்வார்கள்? அந்த நாள் வரும். நம் தமக்கையின் இல்லத்திலும் வரும். அன்று அவர்கள் உறுதியாக நிற்பார்களா என்பதை இன்று எவர் அறிவார்? நாம் அப்போது இருந்தால், அந்தச் சொல்லைச் சொல்பவராக மட்டும் இருக்க மாட்டோம் என்று துணிந்திருக்கிறோம்.

வேடல் கல்வெட்டை இதற்குமுன் பலமுறை படித்திருக்கிறோம். ஒரு பெண்ணின் புகழைச் சொல்வது என்றே அதனைக் கருதியிருந்தோம். ஆனால் அதில் புகழுரைக்கு இடமில்லை. ஓர் ஊர் தன் பெண்துறவியர்க்குச் சோறும் காவலும் தருவதாகக் கூறிய உறுதிமொழி அது. அவர்கள் ஏற்ற பொறுப்பினாலேயே அவ்வம்மையாரின் பெயர் நம் காலம்வரை வந்து சேர்ந்தது. அப்பெயரை மீண்டும் ஒரு குழந்தைக்குச் சூட்டுவோர் அந்தப் பொறுப்பையும் சேர்த்தே ஏற்கின்றனர். ஏற்றவர் அதனைக் காத்து நிற்பாராக.